இரைப்பை ஆபரேஷனுக்குப் பின் மூன்று வாரம்: ஒரு பெரியவரின் உணவுக் கணக்கு

இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 72 வயதுப் பெரியவர் ஒருவரைப் பற்றியது இது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. தையல் பிரியவில்லை, உள்ளே கசிவு இல்லை, 11-ஆம் நாள் வீட்டுக்குப் போனார். மூன்று வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது எடை 2.7 கிலோ குறைந்திருந்தது. வார்டில் இருந்தவரை அவருக்கு ஒவ்வொரு மில்லியும் கணக்குப் பார்த்துக் கொடுத்த டயட்டீஷியன் நான்தான். அந்தக் கணக்கு வாசலைத் தாண்டியதும் எப்படி உடைந்தது, மறுபடி எப்படிச் சேர்ந்தது என்பதை எழுதி வைக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

வந்தபோது

காவிரி டெல்டாவில் நெல் விவசாயி. நான்கு மாதமாக வாந்தி. "காலையில சாப்பிட்ட இட்லி சாயங்காலம் அப்படியே வருதும்மா" என்று அவரே சொன்னார். இரைப்பையின் கீழ்வாயில் அடைப்பு இருப்பவர்கள் அநேகமாக இதே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். எண்டோஸ்கோபியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி, சதைச் சோதனையில் புற்றுநோய். ஸ்கேனில் கல்லீரலிலோ நுரையீரலிலோ பரவல் இல்லை. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்து வருவது. எங்களுக்குப் பழகிய நோய்தான். இந்த அளவு மெலிந்து வருவதும் பழகிப்போனதுதான், அது வருத்தமான விஷயம்.

நோய்க்கு முன் 58 கிலோ, வந்த அன்று 47. நான்கு மாதத்தில் 19 சதவீதம் போயிருந்தது. உயரம் 164 செ.மீ., உடல் நிறைக் குறியீடு 17.5. கெண்டைக்கால் சுற்றளவு 28.5 செ.மீ. ஆசிய ஆண்களுக்கு 34-க்குக் கீழ் போனாலே தசை குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைப்பிடி வலு 17 கிலோ, இருக்க வேண்டியது குறைந்தது 28. ஆஸ்பத்திரியில் ஊட்டச்சத்து அபாயத்தைக் கணக்கிடும் என்.ஆர்.எஸ். 2002 அளவுகோலில் மூன்று வந்தாலே எச்சரிக்கை. இவருக்கு எடை இழப்புக்கு 3, பெரிய வயிற்று ஆபரேஷனுக்கு 2, 70 வயதைத் தாண்டியதற்கு 1, ஆக 6.

இத்தனை எண்களை விட எனக்கு விஷயத்தைச் சொன்னது அவர் மனைவிதான். வேட்டியைச் சற்று விலக்கி அரைஞாண் கயிற்றைக் காட்டினார். "ரெண்டு தடவை முடிச்சை உள்ள தள்ளிப் போட்டுட்டேன், இன்னும் நிக்க மாட்டேங்குது." எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குச் சொல்லத் தெரியாது. கயிறு, மோதிரம், ரவிக்கை, செருப்பு வார் என்று கேட்டால் தேதியோடு சொல்வார்கள்.

ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 2.9, குறைவு. மகன் அதைப் பார்த்துவிட்டு, "ஆல்புமின் ஊசி போட்டு ஏத்திடலாமா மேடம்?" என்று கேட்டார். அடிக்கடி வரும் கேள்வி. கட்டியும் அழற்சியும் இருக்கும்போது கல்லீரல் ஆல்புமின் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்ளும், இருப்பதும் ரத்தக் குழாயிலிருந்து வெளியே கசியும். ஆபரேஷனில் ஆபத்து கூடுதல் என்று அது சொல்லும். சாப்பாட்டின் அளவுகோலாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பாட்டில் பாட்டிலாக ஏற்றினாலும் தசை வளராது. அந்தப் பணத்தைப் பாலுக்கும் முட்டைக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

தள்ளிப்போட்ட 12 நாள்

குடும்பத்தோடு முதல் உரசல் இங்கேதான் வந்தது. சர்ஜன் ஆபரேஷனைப் பன்னிரண்டு நாள் தள்ளிப்போட்டார். "கட்டி இருக்குன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குக் காத்திருக்கணும்? பரவிடாதா?" என்று மகன் கோபப்பட்டார். நியாயமான கோபம்தான்.

இதற்குப் பதில் 1936-லேயே இருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹிராம் ஸ்டட்லி என்ற சர்ஜன், வயிற்றுப்புண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் எடையைக் கணக்கெடுத்தார். எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்து வந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார். அவ்வளவு இழக்காதவர்களில் இறந்தவர்கள் 3.5 சதவீதம். அன்றைய மயக்க மருந்தும் இன்றையதும் ஒன்றல்ல, எண்கள் இப்போது அப்படியே பொருந்தாது. ஆனால் எலும்பும் தோலுமாக இருப்பவரை மேஜையில் ஏற்றினால் தையல் ஆறாது, சளி கட்டும், தொற்று வரும் என்பது மாறவில்லை. எஸ்பென் எனப்படும் ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு இருந்தால், புற்றுநோய் ஆபரேஷனே ஆனாலும், 7 முதல் 14 நாள் தள்ளிவைத்து முதலில் ஊட்டம் கொடுக்க வேண்டும்.

மகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "நாத்து நட வயல்ல தண்ணி கட்டி, சேறாக்கித்தானே நடுவீங்க?" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். பெரியவர் தலையாட்டினார். மகன் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

எண்டோஸ்கோபி வழியாக மெல்லிய குழாயை மூக்கில் நுழைத்து, கட்டியைத் தாண்டிச் சிறுகுடலில் வைத்தார்கள். இனி வயிற்றில் தேங்காது. இலக்கு ஒரு கிலோ எடைக்கு 30 கலோரி, 1.5 கிராம் புரதம். 47 கிலோவுக்கு 1,410 கலோரி, 70 கிராம் புரதம்.

ஆனால் முதல் நாளே அதைக் கொடுத்தால் உயிருக்கு ஆபத்து. இரண்டாம் உலகப் போர் முடிந்து, பட்டினி கிடந்த போர்க்கைதிகள் விடுதலையாகிச் சாப்பிட ஆரம்பித்ததும் சிலர் இதயம் செயலிழந்து இறந்தார்கள். பல வாரம் பட்டினி கிடந்த உடம்பு கொழுப்பை எரித்தே ஓடப் பழகியிருக்கும். திடீரென்று மாவுச்சத்து வந்தால் இன்சுலின் பொங்கும், அது ரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே கையிருப்பு இல்லாத உடம்பு. இதயமும் மூச்சுத் தசையும் தடுமாறும். தயமின் என்ற வைட்டமின் பி1-உம் தீர்ந்துபோய் மூளை குழம்பும்.

அதனால் குழாய் உணவுக்கு முன்பே தயமின் ஊசி போட்டார்கள். முதல் நாள் கிலோவுக்கு 10 கலோரி, அதாவது வெறும் 470. இவ்வளவு கவனமாக இருந்தும் இரண்டாம் நாள் பாஸ்பேட் 1.6-க்கு இறங்கியது, 2.5-க்கு மேல் இருக்க வேண்டும். உணவைக் கூட்டாமல் அங்கேயே நிறுத்தி, டிரிப்பில் பாஸ்பேட் ஏற்றி, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தோம். நான்காம் நாள் சரியானது. ஏழாம் நாள் முழு இலக்கைத் தொட்டோம். "இவ்வளவு மெலிஞ்சவருக்கு இத்தனூண்டுதான் கொடுக்கிறீங்களா?" என்று பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர்கள்கூடக் கேட்டார்கள். கேட்கத்தான் செய்வார்கள். பசித்தவருக்கு அள்ளிப் போடுவது நம் பழக்கம்.

தினமும் வராந்தாவில் இரண்டு நடை நடக்க வைத்தோம். வயதானவர்களின் தசை, புரதம் மட்டும் போட்டால் அசையாது. உழைப்பும் சேர்ந்து கேட்டால்தான் வளரும். நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் கிடத்திப் பார்த்த ஒரு ஆய்வு 2007-இல் வந்தது. கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போனது. நோயாளிக்கு அதை விடக் கூடுதலாகவே போகும். பன்னிரண்டாம் நாள் எடை 48. அதில் கொஞ்சம் நீர் என்று எனக்குத் தெரியும். கைப்பிடி வலு 19.5 ஆனது, அதை நம்பினேன்.

வார்டில்

இரைப்பையின் கீழ்ப் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சிறுகுடலோடு இணைத்தார்கள். அதே நேரத்தில் இடது பக்கம் வயிற்றுத்தோல் வழியாகச் சிறுகுடலுக்கு ஒரு உணவுக்குழாய் வைத்தார்கள். மறுநாளே அதில் மணிக்கு 20 மில்லி. ஐந்தாம் நாள் மணிக்கு 60. வாயால் ஒவ்வொரு மடக்காகத் தண்ணீர், பிறகு மோர், பிறகு குழைந்த சாதம்.

ஏழாம் நாள் மதியம் ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள் ஒரு டம்ளர் நிறையக் குளுக்கோஸ் தண்ணீர் கலக்கிக் கொடுத்திருக்கிறார்கள். கால் மணி நேரத்தில் பெரியவர் முகம் வெளுத்து, சட்டை நனைய வியர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்தது. மாரடைப்பு என்று வார்டே கூடிவிட்டது. இ.சி.ஜி. நன்றாக இருந்தது. டம்பிங் என்று இதைச் சொல்வார்கள். முழு இரைப்பை இருக்கும்போது அது ஒரு மதகு மாதிரி. உள்ளே வந்ததைத் தேக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடும். மதகு போய்விட்டால் இனிப்புத் தண்ணீர் மொத்தமும் சிறுகுடலில் கொட்டும். அதைக் கரைக்க உடம்பு ரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கும், ரத்த அழுத்தம் சரியும். சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, கூடுதலாகச் சுரந்த இன்சுலினால் சர்க்கரை இறங்கி மயக்கமும் வரும்.

படுக்க வைத்ததும் அரை மணியில் சரியாகிவிட்டார். மனைவி பயந்துபோயிருந்தார். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி இடைவெளி வேண்டும், சர்க்கரையும் பழச்சாறும் வேண்டாம், ஒரு நாளைக்கு எட்டு வேளை, வேளைக்குக் கொஞ்சம் என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். அந்தப் பயம் அவர் மனதில் வேறு மாதிரி வேலை செய்தது என்று பிறகுதான் தெரிந்தது.

வீட்டில்

46.5 கிலோவோடு போனார். கையில் நான் கொடுத்த இரண்டு பக்கத் தாள்: நாளொன்றுக்கு 1,400 கலோரி, 70 கிராம் புரதம், எட்டு வேளை அட்டவணை, இரவில் குழாய் வழியாக 500 மில்லி ஊட்டச்சத்துப் பவுடர் கரைசல். மூன்று வாரம் கழித்து 43.8.

திட்டவில்லை. நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டார் என்று மட்டும் கேட்டேன். காலையில் ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சி. பதினோரு மணிக்குக் கொஞ்சம் சாத்துக்குடிச் சாறு. மதியம் ரசம் விட்டுக் குழைத்த சாதம், ஒரு சின்னக் கிண்ணம். சாயங்காலம் டீயும் இரண்டு ரஸ்க்கும். ராத்திரி இரண்டு இட்லி. கூட்டினால் 600 கலோரியைத் தொடவில்லை, புரதம் 13 கிராம். ஒரு டம்ளர் நீர்த்த கஞ்சியில் ஏறத்தாழ 60 கலோரி, ஒரு கிராம் புரதம். வயிறு நிறைந்துவிடுகிறது, அதுதான் சிக்கல். சிறிய இரைப்பையில் இருக்கிற கொஞ்ச இடத்தையும் கஞ்சித் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது.

முட்டை? பருப்பு? மனைவி பதில் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். பெரியவரின் அக்கா, எண்பதை நெருங்கியவர். முட்டையும் மீனும் கரப்பான் பண்டம், வயிற்றுக்குள் புண் இருக்கும்போது கொடுத்தால் சீழ் வைக்கும், பருப்பு வாயு. இது அவர் தீர்ப்பு. குளுக்கோஸ் தண்ணீர் குடித்துப் பெரியவர் தவித்ததை நேரில் பார்த்த மனைவிக்கு, புதிதாக எதைக் கொடுக்கவும் கை வரவில்லை. நாத்தனார் சொன்னதே பாதுகாப்பாகத் தெரிந்திருக்கிறது. வாரம் ஒருமுறை ஆட்டுக்கால் சூப் மட்டும் கொடுத்திருக்கிறார்கள், தெம்புக்காக. அதன் தெளிந்த சாற்றில் இருப்பது பெரும்பாலும் ஜெலட்டின். உடம்புக்குத் தேவையான டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் அதில் கிடையாது. தசை கட்ட அது போதாது.

வயிற்றுக்குழாய்? நாலாம் நாளே அடைத்துக்கொண்டது. பவுடர் டப்பா அதற்கு முன்பே தீர்ந்துவிட, இன்னொன்று வாங்கக் கையில் காசில்லை. கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டி ஊற்றியிருக்கிறார்கள், மாத்திரையையும் பொடித்துப் போட்டிருக்கிறார்கள். பென்சில் அளவுகூட இல்லாத குழாய் அது. அடைத்ததும் துணியால் கட்டி ஓரமாக ஒட்டி வைத்துவிட்டார்கள். "உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதாம்மா" என்றார் மனைவி.

அப்புறம் இன்னொன்று. பெரியவரை வாயைத் திறக்கச் சொன்னேன், பல்செட் இல்லை. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். மெலிந்ததில் ஈறு சுருங்கி, செட் ஆடுகிறது. நாலு மாதமாகவே போடுவதில்லை. அதாவது ஆபரேஷனுக்கு முன் நான் அவரை மதிப்பீடு செய்த நாளிலும் அது பையில்தான் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

இந்த மூன்று வாரத்துக்கு அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுக்களையில் யார் சொல்வது நடக்கும் என்று நான் விசாரிக்கவில்லை. பவுடருக்குப் பணம் உண்டா என்று கேட்கவில்லை. குழாய் அடைத்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அந்தத் தாளில் எழுதவில்லை. '70 கிராம் புரதம்' என்று எழுதியிருந்தேன். அதை வைத்துக்கொண்டு எந்த அடுக்களையில் என்ன சமைக்க முடியும்? இரைப்பை ஆபரேஷனுக்குப் பின் முதல் மூன்று மாதத்தில்தான் எடை வேகமாகப் போகும், அதில் பெரும்பகுதி வீட்டில்தான் போகும். எங்கள் கவனமோ டிஸ்சார்ஜ் அன்றோடு முடிந்துவிடுகிறது.

காலண்டர்

முதலில் அக்காவிடம் பேசினேன். "வயித்தைக் கிழிச்சுத் தைச்சிருக்கு. இதுல மீனையும் முட்டையையும் குடுத்தா சீழ் பிடிக்காதா?" என்று அவர் கேட்டார். தம்பி மேல் உள்ள பாசத்தில் கேட்டது. நான் கேட்டேன்: "பிள்ளை பெத்தவளுக்கு உங்க ஊர்ல பால் சுறாப் புட்டு குடுப்பீங்கல்ல, அம்மா? அவளுக்கும் உள்ளே ரணம்தானே?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தோலும் சதையும் சேர்வது புரதத்தால்தான், அது இல்லாமல் இருந்தால்தான் புண் ஆறாமல் சீழ் வைக்கும் என்று சொன்னேன். "அப்ப எண்ணெய் இல்லாம அவிச்சுக் குடுக்கலாம்" என்றார். அனுமதி வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் முட்டையை யாரும் தடுக்கவில்லை.

மனைவிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் பால்காரர் கணக்கைக் காலண்டரில் கோடு போட்டு வைத்துக்கொள்வார், ஒரு நாள் தவறாது. அதையே பிடித்துக்கொண்டோம். மாதக் காலண்டரில் ஒரு நாளுக்கு எட்டுக் கோடு. ஒரு வேளை சாப்பிட்டால் ஒரு கோடு, முட்டையோ மீனோ பருப்போ பாலோ அதில் இருந்தால் கோட்டின் தலையில் ஒரு புள்ளி. ஆறு புள்ளிக்குக் குறைந்தால் எனக்கு போன்.

கிராமை அடுக்களைக்கு மாற்றினோம். ஒரு முட்டை 6 கிராம். சின்ன டம்ளர் பாலில் இரண்டு மேஜைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்தால் 10 கிராம், சர்க்கரை வேண்டாம். வறுத்துப் பொடித்த பொட்டுக்கடலை இரண்டு மேஜைக்கரண்டி, 4 கிராமுக்கு மேல். உள்ளங்கை அகல மீன் துண்டு 9 அல்லது 10. சாதத்தில் ரசத்துக்குப் பதில் குழைந்த பாசிப்பருப்பு, மேலே ஒரு கரண்டி நெய். இட்லிக்கு நல்லெண்ணெய் தாராளமாக. ஒரு டீஸ்பூனுக்கு 45 கலோரி, வயிற்றில் இடம் பிடிக்காது. கஞ்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுபது வருடமாக உடம்புக்கு முடியாதபோது குடித்தது, மனதுக்கு அது வேண்டும். கெட்டியாகக் காய்ச்சி, பாலும் பொட்டுக்கடலை மாவும் போட்டு, அரை டம்ளர்.

குழாயை வெதுவெதுப்பான தண்ணீரால் மெதுவாகத் தள்ளித் தள்ளி நர்ஸ் திறந்துவிட்டார். அதிர்ஷ்டம்தான், இல்லாவிட்டால் மாற்றியிருக்க வேண்டும். ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர், மாத்திரை எதுவும் அதில் போகக் கூடாது. பவுடருக்கு ஆஸ்பத்திரியின் சமூகசேவகர் ஆறு வாரத்துக்கு ஏற்பாடு செய்தார். பல்செட்டைப் புதிதாக அளவெடுத்துச் சரிசெய்யப் பல் மருத்துவரிடம் அனுப்பினோம். வாரம் ஒருமுறை போனில் கோடுகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். முதல் வாரம் சராசரி ஐந்து கோடு. மூன்றாம் வாரம் ஏழு.

ஆறு வாரத்தில் 45.6. அதற்குள் புற்றுநோய் மருத்துவர் மாத்திரைக் கீமோவைத் தொடங்கிவிட்டார். வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் வந்த நாட்களில் கோடு நாலுக்கு இறங்கும், அந்த நாட்களில் குழாய் காப்பாற்றியது. மூன்றாம் மாதம் 47.5, வாயாலேயே போதுமான அளவு சாப்பிட ஆரம்பித்ததும் குழாயை எடுத்தார்கள். ஆறாம் மாதம் 50 கிலோ. கைப்பிடி வலு 24. அரைஞாண் கயிற்றில் ஒரு முடிச்சு அவிழ்ந்திருக்கிறது.

பழைய 58-க்கு அவர் திரும்புவார் என்று நான் நினைக்கவில்லை, குடும்பத்திடமும் அப்படிச் சொல்லி வைக்கவில்லை. 50-லிருந்து இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இனிக் கவனிக்க வேண்டியவை வேறு. அமிலம் குறைந்ததால் இரும்புச்சத்து சரியாக ஏறுவதில்லை, ஹீமோகுளோபின் 10.4-லேயே நிற்கிறது. வைட்டமின் பி12 கல்லீரலில் சில வருடத்துக்குக் கையிருப்பு இருக்கும், அதனால் குறைவது மெதுவாகத்தான் தெரியும். கால் மரத்துப்போகும் வரை காத்திருக்கக் கூடாது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை எழுதியிருக்கிறது. எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் போகின்றன.

சாயங்காலம் நாலரை மணி வேளையை மட்டும் இன்றுவரை அவர் ஒழுங்காக எடுப்பதில்லை. அது அவர் வயல் பக்கம் போய் வரும் நேரம். போன வாரம் போனில், பொட்டுக்கடலை உருண்டை இரண்டை டப்பாவில் போட்டு மடியில் கட்டிவிடுவதாக அவர் மனைவி சொன்னார். வெல்லத்தைக் குறைத்துத்தான் பிடிக்கிறாராம். நேற்றைக்கு ஒன்று திரும்பி வந்திருக்கிறது.